என்எஸ்யூ-ஓப்பெல்: இரண்டு பெயர் கொண்ட ஒரு ஜெர்மன் சைக்கிளின் ஓவராயில்

ஓப்பெல் என்றால் கார் என்றுதான் நமக்குத் தெரியும். என்எஸ்யூ என்ற பெயரைப் பழைய மோட்டார் சைக்கிள் பித்துப் பிடித்தவர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இந்த இரண்டு பெயரும் ஒரே தகட்டில் சேர்ந்து, ஒரு சைக்கிளின் கழுத்துக் குழாயில் உட்கார்ந்திருந்தன. அந்தத் தகட்டுக்காகவே வண்டியை வாங்கினேன்.

நான் வேலை பார்ப்பது தென்மேற்கு ஜெர்மனியில், ஹைல்பிரோன் நகரில். பக்கத்து ஊர் நெக்கார்சுல்ம். நெக்கார் ஆற்றில் சுல்ம் என்ற சிற்றாறு கலக்கும் இடம் அது. இன்று அங்கே பெரிய அவுடி கார் தொழிற்சாலை இருக்கிறது. அதற்கு முன் அந்த இடம் என்எஸ்யூவுடையது. அந்தப் பெயரே ஊரின் பெயரைச் சுருக்கி எடுத்ததுதான். ஆக, இந்த வண்டி பிறந்த இடத்தில் இருந்து அதிக தூரம் போகவில்லை. விற்றவர் பக்கத்துக் கிராமத்துப் பெரியவர். அவருடைய அப்பா ஓட்டிய வண்டி, பிறகு பல வருடம் கொட்டகையில் சும்மா கிடந்தது என்றார்.

ஆண்கள் ஓட்டும் பார் வைத்த வண்டி. கறுப்புப் பெயிண்ட் பெரும்பாலும் உயிரோடு இருந்தது. டயர் இரண்டும் விரலால் அழுத்தினாலே உதிர்ந்தன. பின்சக்கரம் முன்னால் சுற்றியது, ஆனால் பெடலைப் பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கவில்லை. சில சமயம் பெடல் மொத்தமாக இறுகி நின்றது. இடது கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் தண்டு, ஆடியது. முன்பிரேக்கின் ரப்பர் கல்லாகிவிட்டிருந்தது. செயின் துருவேறிக் கம்பி மாதிரி விறைத்து நின்றது.

என்ன செய்யப் போகிறேன் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். புதுப் பெயிண்ட் கிடையாது, புது நிக்கல் முலாம் கிடையாது. ஓட வேண்டும், நிற்க வேண்டும், மேற்கொண்டு துருப்பிடிக்கக் கூடாது. அவ்வளவுதான். பழைய வண்டியை உரித்துப் பளபளவென்று பவுடர் கோட்டிங் அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

முதல் வேலை, வயதைக் கண்டுபிடிப்பது. பின்சக்கரத்தின் நடுக்குடம், அதாவது ஹப், டார்பிடோ என்ற வகை. அதன் உடலில், பெயருக்குப் பக்கத்தில், இரண்டு இலக்க எண் ஒன்றைக் குத்தியிருப்பார்கள். அது தயாரித்த ஆண்டு. அழுக்கைச் சுரண்டியதும் 37 தெரிந்தது. ஹப்பை மட்டும் வைத்து வண்டியின் வயதைச் சொல்லிவிட முடியாது, சக்கரம் மாற்றியிருக்கலாம். ஆனால் கழுத்துத் தகடும் அதே காலத்தைத்தான் சொல்கிறது. ஓப்பெல் சைக்கிள் தயாரிப்பைக் கைவிட்டு அந்தப் பிரிவை என்எஸ்யூவிடம் ஒப்படைத்தது 1936-37 வாக்கில். அதன் பிறகு கொஞ்ச காலம்தான் இரண்டு பெயரும் சேர்ந்து தகட்டில் வந்தன. 1937 என்று வைத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அந்தக் கைமாற்றம் சும்மா நடந்ததில்லை. ஓப்பெல் 1929-இலேயே அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கைக்குப் போய்விட்டது. 1930-களின் நடுவில் கார் தயாரிப்பு எகிறிக்கொண்டிருந்தது. ரூஸல்ஸ்ஹைம் தொழிற்சாலையில் சைக்கிளுக்கு இடம் கொடுப்பது வீண் என்று முதலாளிகளுக்குப் பட்டிருக்க வேண்டும். இத்தனைக்கும் 1920-களில் உலகின் மிகப் பெரிய சைக்கிள் உற்பத்தியாளர்களில் ஒன்று ஓப்பெல். அரை நூற்றாண்டுத் தொழில் இன்னொரு கம்பெனிக்குப் போய்விட்டது.

ஆடம் ஓப்பெல் 1837-இல் ரூஸல்ஸ்ஹைமில் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பாரிஸில் வேலை பார்த்தபோது தையல் மிஷினைப் பழகிக்கொண்டு ஊர் திரும்பினார். 1862-இல் தன் மாமா ஒருவரின் பழைய மாட்டுக் கொட்டகையில் முதல் தையல் மிஷினைச் செய்தார். சைக்கிளுக்கு வந்தது 1886-இல். அவருக்குக் கார்ல், வில்ஹெல்ம், ஹைன்ரிஷ், ஃப்ரிட்ஸ், லூட்விக் என்று ஐந்து மகன்கள். ஐந்து பேருமே பந்தய சைக்கிள் ஓட்டிகள். விளம்பரத்துக்கு வேறு ஆள் தேடவே வேண்டியதில்லை. பிள்ளைகள் ஜெயிக்க ஜெயிக்க வண்டி விற்றது. ஆடம் 1895-இல் இறந்துபோனார். கார் செய்ய ஆரம்பித்தது 1899-இல், அவருடைய மனைவி சோஃபியும் மகன்களும். 1911 ஆகஸ்டில் ஒரு பெரிய தீ தொழிற்சாலையைத் தின்றது. தையல் மிஷின் தயாரிப்பை அதற்கப்புறம் அவர்கள் மறுபடி தொடங்கவே இல்லை. சைக்கிள் தப்பித்தது.

என்எஸ்யூவின் கதை தையலுக்குப் பக்கத்து வீடு: பின்னல். 1873-இல் டான்யூப் கரையில் இருக்கும் ரீட்லிங்கன் என்ற சிற்றூரில் கிறிஸ்டியன் ஷ்மிட், ஹைன்ரிஷ் ஸ்டோல் என்ற இருவர் பின்னல் மிஷின் பட்டறை வைத்தார்கள். பிறகு பிரிந்தார்கள். ஸ்டோல் ராய்ட்லிங்கனுக்குப் போனார். பின்னலாடைத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஸ்டோல் மிஷின் என்ற பெயர் இன்றும் தெரிந்திருக்கும், அது அவர்தான். ஷ்மிட் 1880-இல் நெக்கார்சுல்முக்கு வந்து ஒரு பழைய மரம் அறுக்கும் ஆலையில் தொழிலை வைத்தார். நான்கே வருடத்தில், 1884-இல், நாற்பது வயதைத் தொடும் முன்னரே இறந்துவிட்டார். நிர்வாகத்தை ஏற்றவர் அவருடைய மைத்துனர் கோட்லோப் பான்ட்ஸாஃப். 1886-இல் முதல் சைக்கிள் வெளிவந்தது. முன்சக்கரம் பெரிதும் பின்சக்கரம் சிறிதுமான உயரச் சக்கர வண்டி, பெயர் ஜெர்மானியா. ஓப்பெல் தொடங்கியதும் அதே வருடம் என்பதைக் கவனிக்கவும். 1892-இல் பின்னல் மிஷினையே நிறுத்திவிட்டு முழுக்க சைக்கிளுக்கு மாறினார்கள். என்எஸ்யூ என்ற பெயர் வந்ததும் அப்போதுதான்.

இடையில் ஒரு சங்கதி. 1889-இல் கோட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் பாரிஸ் உலகக் கண்காட்சியில் காட்டிய கம்பிச் சக்கர மோட்டார் வண்டி, மோட்டார் வாகன வரலாற்றில் ஒரு முக்கியமான படி. அதன் எஃகுச் சட்டத்தைச் செய்து கொடுத்தது நெக்கார்சுல்ம் தொழிற்சாலை. எஃகுக் குழாயை வளைத்து, இணைத்து, லேசாகவும் உறுதியாகவும் ஒரு சட்டம் செய்ய அன்று சைக்கிள்காரர்களை விட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

இந்தத் தொழில்கள் ஏன் சைக்கிளுக்குத் தாவின என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை, வண்டியைப் பிரித்தாலே போதும். சின்னச் சின்ன எஃகு உறுப்புகள், ஒன்றுக்குப் பதில் இன்னொன்று அப்படியே பொருந்தும் அளவுத் துல்லியம், தேயும் இடத்தில் மட்டும் கடினமாக்கிய எஃகு, மேலே அடுப்பில் சுட்டு இறுக்கிய கறுப்புப் பூச்சு. இதெல்லாம் தையல் மிஷின்காரர்களின் கையில் ஏற்கெனவே இருந்தவை. ஜெர்மனியில் மட்டுமில்லை, இங்கிலாந்தின் கோவென்ட்ரியிலும் சைக்கிள் தொழில் ஒரு தையல் மிஷின் கம்பெனிக்குள்தான் ஆரம்பித்தது. பீலஃபெல்டில் டூர்கோப், டிரெஸ்டனில் ஸைடல் உண்ட் நௌமன் என்று வரிசை நீளும்.

சரி, ஹப்புக்கு வருவோம். இந்த வண்டியில் அதிக நேரம் எடுத்ததும், அதிக சந்தோஷம் கொடுத்ததும் அதுதான்.

டார்பிடோ ஹப்பைச் செய்தது ஷ்வைன்ஃபுர்ட்டில் இருந்த ஃபிக்டெல் உண்ட் ஸாக்ஸ். எர்ன்ஸ்ட் ஸாக்ஸ் ஒரு கருவித் தொழிலாளி, கூடவே சைக்கிள் பந்தய வீரர். கார்ல் ஃபிக்டெலோடு சேர்ந்து 1895 ஆகஸ்டில் கம்பெனி தொடங்கினார். 1903-இல் டார்பிடோ வந்தது. மிதித்தால் ஓட்டம், மிதிப்பதை நிறுத்தினால் சக்கரம் தன்பாட்டில் சுற்றும், பின்னால் மிதித்தால் பிரேக். மூன்றும் ஒரே ஹப்புக்குள். அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு ஜெர்மனியில் சைக்கிள் என்றால் பின்சக்கரத்தில் டார்பிடோ என்ற நிலைமை. ஹேண்டில்பாரில் பின்பிரேக்குக்கு லீவர் கிடையாது, கம்பி கிடையாது, மழையில் நனையும் ரப்பர் கட்டை கிடையாது.

உள்ளே என்ன நடக்கிறது என்பது அழகு. பல்சக்கரம் மாட்டியிருக்கும் உருளையின் உள்பக்க முனையில் ஐந்து சரிவுகள் வெட்டியிருக்கும். ஒவ்வொரு சரிவிலும் ஒரு எஃகு உருளை, ஐந்தையும் ஒரு வளையம் இடம் மாறாமல் பிடித்திருக்கும். முன்னால் மிதித்தால் உருளைகள் சரிவில் ஏறி வெளியே தள்ளி, ஹப்பின் உள்சுவரில் இறுக்கிக் கவ்வும். சக்கரம் நகரும். மிதிப்பதை நிறுத்தினால் ஹப் முந்திக்கொண்டு ஓடும், உருளைகள் சரிவின் அடிக்கு இறங்கிவிடும். டிக் டிக் சத்தம் இல்லாத ஃப்ரீவீல். பின்னால் மிதித்தால் அந்த வளையத்தின் சாய்வான பற்கள், எதிரே இருக்கும் பிரேக் கோனின் சாய்வான பற்களோடு உரசி அதைப் பக்கவாட்டில் தள்ளும். கூம்பு போன்ற அந்தக் கோன் ஒரு பிளவுபட்ட எஃகு உறைக்குள் நுழைந்து உறையை விரிக்கும். விரிந்த உறை ஹப்பின் உள்சுவரை அழுத்தி உரசும். வண்டி நிற்கும்.

உறை சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிவிடாமல் பிடித்திருப்பது இடது பக்கம் உள்ள கை. அந்தக் கையை ஒரு பட்டையால் ஃபிரேமின் பின்குழாயோடு திருகியிருப்பார்கள். பார்ப்பதற்கு அலட்சியமான ஒரு சின்ன நட்டு போல்ட். பிரேக்கின் மொத்த விசையும் அதன் மேல்தான். என் வண்டியில் அந்த போல்ட்டுக்குப் பதில் யாரோ ஒரு புண்ணியவான் கட்டுக்கம்பி சுற்றி வைத்திருந்தார். டார்பிடோ வண்டி எதை வாங்கினாலும் முதலில் அந்த இடத்தைப் பாருங்கள்.

பிரித்தபோது உள்ளே கிரீஸ் என்று சொல்ல ஒன்றுமில்லை. பழுப்பு நிறத்தில் அரக்கு மாதிரி ஒரு பசை. உருளைகள் அந்தப் பசையில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தன. பெடல் இறுகியதற்கும் பிரேக் பிடிக்காததற்கும் அதுவே காரணம். எல்லாவற்றையும் ஒரு பழைய தகர டப்பாவில் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். மறுநாள் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்ததும் உலோகம் வெளியே வந்தது. உருளைகளில் பள்ளம் இல்லை, சரிவுகளில் தேய்மானம் கொஞ்சம். பிரேக் உறை மட்டும் வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழத்துப் போயிருந்தது. அதை நடுத்தர உப்புத்தாளால் குறுக்குவாட்டில் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பைத் திரும்பக் கொண்டுவந்தேன்.

பால்ரஸ் குண்டுகளில் சிலவற்றில் துருப்புள்ளி. ஒன்றிரண்டை மட்டும் மாற்றுவது தப்பு. பழையதும் புதியதும் கலந்தால் பெரியது மட்டும் பாரம் தாங்கும், சீக்கிரம் குண்டுகள் ஓடும் கிண்ணத்தை, அதாவது கப்பை, தின்றுவிடும். எல்லாவற்றையும் ஒரே அளவில் புதிதாக வாங்கிப் போட்டேன். சின்ன டப்பாவில் நூறு குண்டுகள் சல்லிசாகக் கிடைக்கின்றன. இதற்கும் ஷ்வைன்ஃபுர்ட்டுக்கே நன்றி சொல்ல வேண்டும். 1883-இல் அந்த ஊர்க்காரரான ஃப்ரீட்ரிஷ் ஃபிஷர் எஃகுக் குண்டுகளை ஒரே அளவாகவும் முழு உருண்டையாகவும் தேய்த்தெடுக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். அதற்கு முன் நல்ல குண்டு என்பது விலை உயர்ந்த சரக்கு. ஸாக்ஸ் தன் ஹப்பை அங்கே உட்கார்ந்து செய்தது தற்செயல் இல்லை. குண்டு செய்பவர்கள் பக்கத்துத் தெருவில் இருந்தார்கள்.

திரும்பப் பூட்டும்போது மசகு விஷயத்தில் கவனம் வேண்டும். நம் கை எல்லா இடத்திலும் கிரீஸை அப்பத்தான் பார்க்கும். குண்டுகளுக்குத் தாராளமாக கிரீஸ். பிரேக் உறைக்கு வெப்பம் தாங்கும் கிரீஸ்; உலர்ந்த உறை கீச்சிடும், வெடுக்கென்று பிடிக்கும். ஆனால் ஐந்து உருளைகளுக்கு மெல்லிய எண்ணெய் போதும். அங்கே கெட்டி கிரீஸ் போட்டால் உருளை சரிவில் ஏறச் சுணங்கும், மிதிக்கும்போது பெடல் திடீரென்று வழுக்கும். ஏறு மேட்டில் நின்று மிதிக்கும் நேரத்தில் அப்படி ஆனால் முட்டி பெயர்ந்துவிடும். உருளைகள் விழாமல் இருக்க ஒரு துளி கிரீஸ் தொட்டு ஒட்டவைத்து, பல்சக்கர உருளையைப் பின்பக்கமாகத் திருப்பிக்கொண்டே ஹப்புக்குள் இறக்கினால் உருளைகள் உள்ளே ஒடுங்கி, சுகமாக உட்காரும். முன்பக்கம் திருப்பினால் எவ்வளவு தள்ளினாலும் போகாது.

ஹப்பின் நடுவில் ஒரு சின்ன ஓட்டை, அதன் மேல் சுருள் தகடு மூடி. எண்ணெய் விடுவதற்கென்றே வைத்தது. தகட்டை நகர்த்தி, சில சொட்டு விட்டு, மறுபடி மூடிவிடலாம். மூக்கு நீண்ட எண்ணெய்க் குப்பியோடு தையல் மிஷின் பக்கத்தில் வளர்ந்த எவருக்கும் இந்த ஓட்டையின் உபயோகத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்து பிபி ஆக்ஸில், அதாவது இரண்டு கிராங்க்கும் மாட்டியிருக்கும் அச்சு. கிராங்க்குகளை அதோடு பிடித்திருப்பது காட்டர் பின் என்ற ஆப்பு. வலது பின் ரெண்டு தட்டில் வந்தது. ஆடிக்கொண்டிருந்த இடதுதான் வராது என்று அடம் பிடித்தது. ஆட்டத்தில் பின் நசுங்கி, தலை காளான் மாதிரி விரிந்து, ஓட்டைக்குள் பற்றிக்கொண்டுவிட்டது. இந்த ஊர்ப் பட்டறைகளில் இதற்கென்று அழுத்தி எடுக்கும் கருவி உண்டு. என்னிடம் இல்லை. என்னிடம் இருந்தது சித்தப்பாவின் போன் நம்பர். மணிக்கணக்குக்கு வாடகை சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தவர். காட்டர் பின் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. வீடியோவில் வண்டியைக் காட்டியதும் கேட்ட முதல் கேள்வி:

"டேய், சுத்தியல அப்புறம் எடு. அடியில முட்டுக் குடுத்தியா?"

"இல்ல சித்தப்பா."

"பின்ன? நீ அடிக்கிற அடியெல்லாம் பால்ரஸ் தாங்கணுமா? கிராங்குக்கு அடியில ஒரு பைப்ப நிறுத்து. பின்னோட வால் பைப்புக்குள்ள இறங்கணும், கிராங்க் பைப்பு மேல உக்காரணும். நட்ட முழுசா கழட்டாத, நுனியோட சமமா நிக்க வையி. அப்பறம் ஒரே அடி. பொட்டு பொட்டுன்னு தட்டிக்கிட்டு இருக்காத."

ஒரு நீள இரும்புக் குழாயைத் தரைக்கும் கிராங்க்குக்கும் நடுவில் சரியான உயரத்துக்கு அறுத்து நிறுத்தினேன். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு காத்திருந்து, காலையில் கிராங்க்கைக் கொஞ்சம் சூடாக்கி, இரண்டு கிலோ சுத்தியலால் ஒரு போடு. வந்துவிட்டது. புதுப் பின் 9.5 மில்லிமீட்டர். வாங்கி வந்ததை அப்படியே சொருகக் கூடாது. தட்டையான முகத்தை அரத்தால் தேய்த்துத் தேய்த்து, இரண்டு கிராங்க்கும் நேர்க்கோட்டில் நிற்கும் வரை சரிபார்க்க வேண்டும். இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பெடல் எப்போதும் கொஞ்சம் தூங்கி வழியும்.

கப்புகள் மரை வைத்துத் திருகும் வகை இல்லை, ஃபிரேமுக்குள் அடித்து இறக்கும் தாம்சன் வகை. இடது பக்க நட்டுக்கு மரை தலைகீழ். கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். மிதிக்கிற விசையில் தானாகக் கழன்றுகொள்ளாமல் இருக்க அந்த ஏற்பாடு. உள்ளே கப்பில் லேசான தடம் விழுந்திருந்தது, ஆனால் சுற்றும்போது கையில் உறுத்தவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

பெயிண்ட் விஷயம். அழுக்கின் கீழே கறுப்பின் மேல் மெல்லிய தங்க நிறக் கோடுகள் இருந்தன. மட்கார்டின் விளிம்பில், ஃபோர்க்கின் தோளில். கறுப்பு உடம்பும் தங்கக் கோடும் எங்கே பார்த்தது என்று யோசிக்கவே வேண்டாம், வீட்டுத் தையல் மிஷினேதான். இந்தக் கோடுகளை நீள மயிர்த் தூரிகையால் கையால் இழுக்கும் ஆட்கள் அந்தத் தொழிற்சாலைகளில் இருந்தார்கள். தையல் மிஷினுக்கு இழுத்த கைதான் சைக்கிளுக்கும் இழுத்தது. கோடு பெயிண்ட்டின் மேலே இருக்கிறது, மெருகு போடும் பசையால் தேய்த்தால் முதலில் போவது அதுதான். அதனால் சோப்புத் தண்ணீரும் பஞ்சும் மட்டும். அப்புறம் மிக மெல்லிய பூச்சாக ஆளிவிதை எண்ணெய் தடவி, மிச்சத்தைத் துடைத்து, காயவிட்டேன். துருப்பிடித்த இடங்களும் அதில் அடங்கி, கறுப்போடு ஒத்துப்போயின. எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். ஆளிவிதை எண்ணெய்த் துணி தானாகச் சூடாகித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயவைத்துப் பிறகு போடவும்.

ஹேண்டில்பாரும் ரிம்மும் வேறு கதை. ஆக்ஸாலிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்துத் துணியை நனைத்துச் சுற்றி வைத்தேன், கையுறையோடு, ஜன்னலைத் திறந்துபோட்டு. துரு மஞ்சள் தண்ணீராக இறங்கியது. கழுவி, சோடா உப்புத் தண்ணீர் விட்டு, உடனே துடைத்து மெழுகு. சில இடங்களில் முலாம் ஏற்கெனவே போயிருந்தது; அங்கே சாம்பல் நிற எஃகு தெரிகிறது. தெரியட்டும்.

இந்த நிறங்களும் கோடுகளும் அசல்தானா என்று பார்க்க நெக்கார்சுல்மில் உள்ள இருசக்கர வாகன மியூசியத்துக்குப் போனேன். 1956 முதல், டியூட்டானிக் வீரர் சங்கத்தின் பழைய கோட்டை மாளிகையில் நடக்கிறது. மாடி மாடியாக சைக்கிள், மோட்டார் சைக்கிள். என் வண்டியை விட்டுவிட்டு அங்கேயே பாதி நாள் போய்விட்டது. 1817 ஜூன் 12-ஆம் தேதி கார்ல் டிரைஸ் பெடல் இல்லாத ஓட்ட வண்டியை முதன்முதலில் ஓட்டிக் காட்டிய மான்ஹைமும் இதே நெக்கார் கரையில்தான், ஆற்றோட்டத்தின் திசையில் இன்னும் கீழே இருக்கிறது. இந்த ஆற்றுக்கும் சைக்கிளுக்கும் ஏதோ பூர்வ ஜென்மத் தொடர்பு.

சக்கரம். ஜெர்மன் வண்டியில் முன்னும் பின்னும் 36 கம்பிகள். நம்மூர் வண்டி இங்கிலாந்து வழி வந்தது என்பதால் முன்னால் 32, பின்னால் 40. கம்பி அறுந்தால் மாற்றும்போது இதெல்லாம் ஞாபகம் வேண்டும். கம்பிகளை ரிம்மோடு இறுக்கும் நிப்பிள்கள் ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் விட்டு, திரும்புகிறதா என்று பார்த்த பிறகே கோட்டம் எடுக்க ஆரம்பித்தேன். பின் ரிம்மில் ஒரு இடம் கல்லில் மோதி உள்வாங்கியிருந்தது. அது முழுக்க நேராகவில்லை. இந்த வண்டிக்கு ரிம்மைப் பிடிக்கும் பிரேக் கிடையாது என்பதால் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் யாரையும் உறுத்தாது.

டயர் வாங்கும்போது ஒரு சூழ்ச்சி உண்டு. 28 × 1½ என்று பின்னத்தில் எழுதியது ஒரு அளவு, 28 × 1.50 என்று புள்ளி வைத்து எழுதியது வேறு அளவு. முதலாவதின் ரிம் விட்டம் 635 மில்லிமீட்டர், இரண்டாவது 622. பதின்மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம்; மாறி வாங்கினால் ஏறவே ஏறாது. டயரின் பக்கத்தில் 40-635 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இந்த 635 நம் ஊர் 28 அங்குலக் கறுப்பு சைக்கிளின் அளவேதான். இங்கே கடைகளில் தேடித் தேடி வாங்க வேண்டியதை சித்தப்பா கடையில் ஆணியில் தொங்கவிட்டிருப்பார்.

முன்பிரேக் ஒரு தமாஷ். லீவரை அழுத்தினால் ஒரு நேர்க்கம்பி கீழே இறங்கி, ரப்பர் கட்டையை டயரின் மேலேயே அழுத்தும். ரிம்மை இல்லை, டயரை. டயர் தேயும், மழையில் வழுக்கும், மணல் ஒட்டினால் அரம் மாதிரி ராவும். தடித்த தோலை அறுத்துக் கட்டையாக்கி மாட்டினேன். நிற்பதற்கு டார்பிடோ, சட்டத்துக்கு இது. ஜெர்மனியில் சைக்கிளுக்கு ஒன்றை ஒன்று சாராத இரண்டு பிரேக் கட்டாயம். மணியும் விளக்கும் கூட.

செயின் மட்டும் கவலை தரவில்லை. அரை அங்குலப் பிட்ச், இன்று கடையில் தொங்கும் சாதாரண ஒற்றை கியர் செயின் அப்படியே பொருந்தியது. முன்னால் 46 பல், பின்னால் 19.

சோதனை ஓட்டத்துக்கு நெக்கார் கரைப் பாதையில் பாட் விம்ப்ஃபன் வரை போனேன். ஆற்றுக்கு மேலே மேட்டில் இருக்கும் பழைய ஊர். சமதளத்தில் இந்த வண்டி சொகுசு. நீளமான உடம்பு, அகலமான ஹேண்டில்பார், நிமிர்ந்து உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டும், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. திரும்பும்போது ஊரிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் சரிவில்தான் டார்பிடோவுக்குப் பரீட்சை. குதிகாலை லேசாகப் பின்னால் அழுத்தியதும் வண்டி சத்தமில்லாமல் வேகம் குறைத்தது. பாதிச் சரிவில் ஹப்பைத் தொட்டுப் பார்த்தேன். கை வைக்க முடியாத சூடு இல்லை, ஆனால் நல்ல வெதுவெதுப்பு. மலைப் பகுதிகளில் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்கினால் உள்ளே கிரீஸ் கருகும், அதனால் விட்டு விட்டுப் பிடிப்பது நல்லது.

என்எஸ்யூ இந்த வண்டிக்குப் பிறகு எங்கெங்கோ போனது. போர்க்காலத்தில் பாதி மோட்டார் சைக்கிள், பாதி டாங்கி போன்ற கெட்டன்கிராட். 1945 மார்ச்சில் குண்டுவீச்சில் தொழிற்சாலையின் பெரும்பகுதி நாசம். 1953-இல் வந்த குவிக்லி மொபெட் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. 1955-இல் உலகிலேயே அதிக மோட்டார் சைக்கிள் செய்த கம்பெனி அதுதான். 1960-களில் சைக்கிள் தயாரிப்பை நிறுத்தினார்கள். 1967-இல் பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுழலும் வாங்கெல் எஞ்சின் வைத்த ரோ 80 கார், பாராட்டும் நஷ்டமும் சேர்ந்து வந்தது. 1969-இல், அவுடி கார்களைச் செய்த ஆட்டோ யூனியனோடு இணைப்பு. 1985-இல் கம்பெனியின் பெயரிலிருந்து என்எஸ்யூ என்ற மூன்றெழுத்தும் போய், அவுடி மட்டும் மிஞ்சியது.

மிச்ச வேலை இன்னும் இருக்கிறது. டயரில் உரசிச் சுற்றும் பாட்டில் டைனமோ ஒன்று ஃபோர்க்கில் இருக்கிறது. போஷ் கம்பெனி 1923-இல் சைக்கிள் விளக்கு விற்க ஆரம்பித்த பிறகு இந்த ஊர் வண்டிகளில் பரவலான சாமான். சுற்றினால் விளக்கு மினுங்குகிறது, எரியவில்லை. டைனமோவிலிருந்து விளக்குக்கு ஒரே ஒரு வயர்தான், திரும்பி வரும் வழி ஃபிரேம். ஆகவே பெயிண்ட்டுக்கு மேல் கிளாம்ப் உட்கார்ந்திருக்கும் இடத்தில் தொடர்பு அறுந்திருக்க வேண்டும். கிளாம்ப்பின் கூர் திருகை இறுக்கி, அதற்கும் அடங்காவிட்டால் காந்தம் பலவீனமா என்று பார்க்க வேண்டும். தோல் சீட்டின் மூக்கில் ஒரு வெடிப்பு. உள்பக்கம் மெல்லிய தோல் ஒட்டித் தைத்துவிட்டால் இன்னும் சில வருடம் தாங்கும், மெழுகு பூசிய நூலும் தடித்த ஊசியும் வாங்கி வைத்திருக்கிறேன்.